தேனாம்பேட்டை சிக்னலில் உறங்கிய டர்போ

வாசகரே, உங்களை நீதிபதியாக அமர்த்தும் எண்ணம் எனக்கில்லை. தீர்ப்பு எப்போதோ வந்துவிட்டது. நீங்கள் சாட்சியாக மட்டும் நின்றால் போதும். நான் சொல்லிவரும்போது எங்கேனும் என்னை நல்லவனாகக் காட்ட முயன்றால், அந்த இடத்தில் தயங்காமல் கையைத் தூக்குங்கள்.

பள்ளிப் பருவம் முதல் மேடையில் பேசி வருகிறேன். மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு அலமாரிகள் நிறையக் கோப்பைகள் இருக்கின்றன. என் தந்தை தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்தவர். இத்தனை ஆண்டுச் சென்னை வாழ்க்கை அவருடைய பேச்சில் ஓர் எழுத்தையும் அசைக்கவில்லை. என் பேச்சுகளைக் கேட்க வந்திருக்கிறார். முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். கோப்பையைக் கையில் வாங்கி எடை பார்த்திருக்கிறார். ‘நல்லா இருக்கு’ என்று மட்டும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அந்த இரண்டு சொற்களுக்காகத்தான் நான் இத்தனை மேடைகள் ஏறினேன் என்று சொன்னாலும் அது மிகையாகாது.

அந்த இரண்டு சொற்களும் கடைசியில் என் நண்பனின் காருக்குப் போய்ச் சேர்ந்தன.

கல்லூரிச் சொற்போர் அணியில் முதலில் பேசியவன் நான். இரண்டாவதாகப் பேசியவன் அவன். இப்போது அவனுக்கு வீடு அடையாற்றில், வேலை தேனாம்பேட்டையில். எங்கள் வீட்டிலும் அவன் வீட்டிலும் ஒரே மாடல் சிறிய டீசல் கார். ஒரு காலையில் எங்கள் கார் நீலப்புகை கக்கி நின்றுபோனது. அவன் வந்து என் தந்தையைக் கடையில் கொண்டுபோய் விட்டான். இரவுச் சாப்பாட்டின்போது தந்தை சொன்னார்:

“வண்டின்னா அது வண்டிலே. நல்லா இருக்கு. அலுங்காமக் கொண்டுபோயி எறக்கி விட்டுட்டான், அந்தத் தம்பி.”

அவன் தம்பி, நான் ‘ஏலே’. தட்டில் இருந்த தோசையைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தேன். பொறாமை என்ற சொல்லை எழுத என் கை கூசவில்லை. அன்று அதை உணரத்தான் கூசியது.

மறுநாள் ஈக்காட்டுத்தாங்கலில் எங்கள் மெக்கானிக்கின் பட்டறைக்குப் போனேன். அவர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்:

“டர்போ காலி நைனா.”

எஞ்சின் வெளிவிடும் புகையின் வேகத்தில் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் பொருள் அது. பார்வைக்கு இரும்பில் வார்த்த நத்தை ஓடு. மேசைமேல் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று சிறியது. மற்றது பெரிய வண்டியின் டர்போவை இந்த எஞ்சினுக்கு ஏற்ப மாற்றியமைத்தது.

“உன் ஃப்ரெண்டுக்கு இந்தச் சின்னத்தத்தான் போட்டேன். பூனை மாதிரி போய்க்கினு கீது.”

அந்த ஒரு வாக்கியத்தில் சிறியது எனக்கு விலக்கப்பட்ட பொருளாகிவிட்டது. ஆனாலும் நான் பயிற்சி பெற்ற பேச்சாளன். முறைப்படி முடிவெடுக்க விரும்பினேன். எங்கள் களத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பக்கம் பேசுவதென்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் கொடுப்பார்கள். ஆகையால் இரு பக்கமும் பேசிப் பார்த்துத் தயாராவோம். அன்று மாலை மொட்டைமாடியில் நின்று சிறிய டர்போவுக்காக ஐந்து நிமிடம் பேசினேன். வாக்கியங்கள் எழவே இல்லை. தினமும் போய்வரலாம், நிதானமாகப் போகலாம், டீசல் மிச்சமாகும். இவற்றை வைத்துக்கொண்டு எந்த மேடையில் கைதட்டு வாங்குவது? பிறகு பெரியதற்காகப் பேசினேன். ஆற்றல் என்றேன், ஆவேசம் என்றேன், அடங்கிக் கிடந்து ஆர்த்தெழும் ஆழி என்றேன். பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண்மணி வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். எந்தப் பக்கம் நன்றாகப் பேச வந்ததோ அந்த டர்போவைத் தேர்ந்தெடுத்தேன்.

பட்டறையில் மெக்கானிக் விடவில்லை.

“டெய்லி எங்க போற நைனா?”

“மயிலாப்பூர்லேருந்து தி.நகர்.”

“எஞ்சின் நிமிஷத்துக்கு மூவாயிரம் சுத்து வந்தாத்தான் இது கண்ணே முழிக்கும். பாண்டி பஜார்ல மூவாயிரம் எப்படி வரும்? பிளாட்பாரம் மேல ஓட்டப் போறியா?”

“வாரத்துக்கு ஒரு தடவை ஈ.சி.ஆர்ல கொட்டிவாக்கம் கடைக் கிடங்குக்குப் போறோமே. எப்பவோ வர்ற விருந்தாளிக்குத்தானே வீட்டுல பெரிய பாத்திரம் வாங்கி வைக்கிறோம்? தினமும் நாலு பேர் சாப்பிடுற வீடுன்னு அண்டாவே வேணாம்னு சொல்லுவீங்களா?”

அவர் தலையைச் சொறிந்தார். “நீ பேசுனா நானே மயங்கிடுவேன் போலக் கீதே. சரி, வண்டி உன்னுது.”

நான் வென்றுவிட்டதாக நம்பினேன். எதிர்ப்பேச்சாளர் அமர்ந்துவிட்டால் வெற்றி என்றுதான் எனக்குக் கற்பித்திருந்தார்கள்.

ஞாயிறு காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் தனியாக ஓட்டிப் பார்த்தேன். கொட்டிவாக்கம் தாண்டியதும் பெரிய டர்போ விழித்தது. முதுகு இருக்கையில் ஒட்டிக்கொண்டது. நண்பனின் கார் அங்கே இல்லை. ஆயினும் அதை ஏழெட்டு முறை முந்தினேன்.

திங்கட்கிழமை தந்தை முன்னிருக்கையில் அமர்ந்தார். மடியில் மதியச் சாப்பாட்டு அடுக்கு. லஸ் முதல் ஆழ்வார்ப்பேட்டை வரை கார் ஈரச்சாக்கை இழுப்பதுபோல் நகர்ந்தது. தேனாம்பேட்டை சிக்னலில் பச்சை விழுந்தது. அழுத்தினேன்; அசைவில்லை. பின்னால் ஒரு மாநகரப் பேருந்து ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை. இன்னும் அழுத்தினேன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, பிறகு கார் தாவியது. முன்னே ஓர் ஆட்டோ. பிரேக்கை மிதித்தேன். சாப்பாட்டு அடுக்கு கவிழ்ந்து, ரசம் முழுவதும் தந்தையின் வெள்ளை வேட்டியில் இறங்கியது.

ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கினார். துண்டால் துடைத்தார். கோபப்படவில்லை, அதுதான் கொடுமை.

“வண்டி நீ பேசுத மாதிரியே ஓடுதுலே. ரொம்ப நேரம் ஒண்ணுங் கெடையாது, பெறவு ஒரே கூப்பாடு.”

பிறகு கைப்பேசியை எடுத்து என் நண்பனை அழைத்தார். “தம்பி, ஒரு எட்டு வந்து ஏத்திக்கிட்டுப் போறியா?”

அவன் அலுவலகம் அருகில்தான், உடனே வந்தான். தந்தை அவன் காரில் ஏறிக்கொண்டார். தியாகராய சாலை நெடுக நான் பின்னால் ஊர்ந்தேன். அவன் காரின் பின்கண்ணாடி வழியாக என் தந்தையின் தலை தெரிந்தது. அது அவன் பக்கம் திரும்பித் திரும்பி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தது. என்னோடு வரும் நாட்களில் அந்தத் தலை சாலையை மட்டுமே பார்க்கும்.

கடை வாசலில் அவன் என் காரைச் சுற்றி வந்தான்.

“மச்சி, இன்னாடா போட்ட?”

“பெருசு.”

“ஏன்டா?”

கேள்விக்குக் கேள்வியையே திருப்பிப் போட்டேன். “நீ எப்படிடா சின்னதுன்னு முடிவு பண்ண?” என்றேன்.

“ஒரு வாரம் எஞ்சின் சுத்து மீட்டரப் பாத்துக்கினே ஓட்டுனேன் மச்சி. முள்ளு ரெண்டாயிரத்தத் தாண்டவே இல்ல. அவ்ளோதான்.”

ஒரு வாரம் அவன் வாயைத் திறக்காமல் ஒரு முள்ளைப் பார்த்திருக்கிறான். தந்தை அவனைப் பாராட்டியதைவிட இது என்னை அதிகம் எரித்தது. நீ சொல்வது சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “பாக்கலாம்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அந்த வாரமே தனியாகப் பட்டறைக்குப் போனேன். “இன்னா நைனா, இன்னிக்கி ஸ்பீச் இல்லியா?” என்றார் மெக்கானிக். இல்லை என்று தலையசைத்தேன். சிறியதைப் பூட்டினார்.

மறுநாள் தேனாம்பேட்டை சிக்னலை நாங்கள் கடந்தது தந்தைக்குத் தெரிந்திருக்காது. பனகல் பூங்கா வருவதற்குள் தலை சாய்ந்து உறங்கிவிட்டார். கடை வாசலில் கண் விழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“கண்ணு சொக்கிட்டுலே. அந்தத் தம்பி வண்டியிலயும் இப்படித்தான்.” உறக்கத்திலும் அவன் என்னை முந்தியிருந்தான். தந்தை கதவில் கை வைத்தவர், இறங்காமல் திரும்பினார். “நல்லா இருக்கு. யாருலே பாத்து எடுத்தது?”

அந்த இரண்டு சொற்கள். இத்தனை ஆண்டுக்குப் பின், எனக்கு நேரே, எட்டும் தூரத்தில். ‘நான்’ என்று சொன்னால் போதும். மறுக்க அங்கே யாருமில்லை. சொல்ல வாய் திறந்ததையும் மறைக்க மாட்டேன்.

“நான் எடுத்தது அந்தப் பெருசுப்பா. இது அவன் எடுத்தது.”

“அவங்கிட்ட சொன்னியா?”

“இல்ல.”

அவர் கதவிலிருந்து கையை எடுத்தார்; கண்ணை என்மேலிருந்து எடுக்கவில்லை. கடைப் பெண்கள் படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தாழ்ந்த குரலில் பேசத் தெரியாது. அவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, அடிவயிற்றிலிருந்து சொன்னேன்:

“இன்னிக்குச் சாயங்காலமே அடையாறு போறேம்ப்பா. அவன் வீட்டு வாசல்ல நின்னு, நீ எடுத்ததுதான் சரி, எனக்குப் பொறாமைடான்னு அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டு வரேன்.”