சூடம் அணைத்த கை

பொய் சொல்லாத ஒரு மனிதரைக் கோவில் வாசலில் நிறுத்தி, அவருடைய மனைவியின் முன்னால் பொய்யன் என்று சொன்னேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஏதோ ஓர் ஆடி வெள்ளி. இடம் இருக்கன்குடி அம்மன் கோவில். கோபத்தில் வாய் தவறிவிட்டது என்று இத்தனை வயதில் சொல்ல மாட்டேன். காலையிலிருந்து யோசித்து வைத்திருந்துதான் சொன்னேன்.

அவர் என் டிரைவர். நான் விருதுநகரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். என்னிடம் இருபது வருடம் ஓடிய வெள்ளைக் கார் ஒன்று இருந்தது. அவர் ஏழாயிரம்பண்ணையிலிருந்து பஸ்ஸில் வந்து போவார். அதற்கு முன் பட்டாசு கம்பெனியில் லோடு வேன் ஓட்டியவர். அங்கே வண்டியை நிறுத்தியதும் பேட்டரி வயரைக் கழற்றினால்தான் பெட்டியைத் தொட விடுவார்களாம். ஒரு பொறி பறந்தால் போதும். அந்தப் பழக்கம் அவர் கையை விட்டுப் போகவில்லை. என் வீட்டில் நிறுத்தினாலும் பானட்டைத் திறந்து வயரைக் கழற்றி ஓரமாக மடக்கி வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். அதனால் ஸ்டீரியோவில் மணி தினமும் பன்னிரண்டுக்குப் போய்விடும். எனக்கு அது பிடிக்கவில்லை.

"இது என்ன வெடி ஏத்துற வண்டியா? இனிமே கழத்தாதப்பா" என்றேன்.

"சரி சார்" என்றார்.

அதற்குப் பிறகுதான் பேட்டரி இறங்க ஆரம்பித்தது. இரண்டு நாள் நின்றால் மூன்றாம் நாள் தள்ள வேண்டும். புதுப் பேட்டரி வாங்கினேன்; அதுவும் அப்படியே. காத்திருக்கும்போது பாட்டுக் கேட்கிறார் என்று முடிவு செய்தேன். அவர் கேட்டு நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் குடும்பத்தோடு தன் மனைவியையும் இரண்டு வயது மகளையும் கூட்டி வரட்டுமா என்று கேட்டார். வரச் சொன்னேன். காலையில் தள்ளித்தான் வண்டியைக் கிளப்பினோம். சாமி கும்பிட்டு, பொங்கலிட்டு மதியம் திரும்பி வந்தால் சாவியைத் திருக 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது.

"ஏலே, பாட்டுக் கேட்டியா?"

"இல்ல சார். அங்கன மரத்தடியிலதான் படுத்திருந்தேன்."

"அப்ப பேட்டரிய யாரு குடிச்சா? பேயா?"

தள்ளுவதற்கு வந்த ஆட்களில் ஒருவர், "கரகாட்டப் பாட்டா இருக்கும், அண்ணாச்சி சொல்லக் கூச்சப்படுதாக" என்றார். சிரித்தார்கள். டிரைவரின் முகம் கறுத்துவிட்டது.

"சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணட்டா சார்?"

அவர் மனைவி குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு குறுக்கே வந்தாள். "வேணாங்க. மெய்யின்னாலும் வேணாம். புள்ளக்காரி நானு."

சத்தியத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அப்படியிருந்தும், "பண்ணு" என்றேன்.

அவர் எரியும் சூடத்தை உள்ளங்கையில் வாங்கினார். "ஆத்தா அறிய நான் ரேடியோவத் தொடல" என்று சொல்லிக் கையை மூடினார். மூடிய விரல்களுக்கிடையே புகை வந்தது.

"நீ பொய்யன்தான். சூடத்த அணைச்சா பேட்டரி ஏறிருமா?" என்று கேட்டேன். மறுபடியும் சிரித்தார்கள். சாவியை வாங்கிக்கொண்டு, இனி வர வேண்டாம் என்றேன். மூன்று பேரும் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்து போனார்கள். குழந்தை அப்பாவின் சுட்ட கையைப் பிடித்து விரிக்கப் பார்த்துக்கொண்டே போனது.

பிறகு நானே ஓட்டினேன். பேட்டரி இறங்குவது நிற்கவில்லை. போகும்போது எதையாவது இழுத்துவிட்டுப் போயிருப்பான் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு எட்டு மாதம் ஓட்டினேன்.

பங்குனி வெயிலில் ஒரு நாள்தான், மாணவர்களுக்கு எத்தனையோ முறை செய்து காட்டியதை என் காருக்குச் செய்தேன். பேட்டரி வயரைக் கழற்றி இடையில் ஒரு சின்ன பல்பைக் கோத்தேன். எல்லாம் அணைந்திருக்கையில் பல்பு எரியக் கூடாது. எரிந்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன், எரிந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் ஃபியூஸ் இல்லாமல் நேராகப் போகும் ஒரு வயர் ஞாபகம் வந்தது. டிக்கிக்குள் வெளிச்சம் வேண்டும் என்று நான் சொல்லிப் போட்ட விளக்கு. டிக்கியைத் திறந்தேன், எரிந்தது. திறந்தால் எரியும்தானே? அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தொட்டுப் பார்த்தேன். விரல் சுட்டது. மூடியிருந்தபோதும் எரிந்திருக்கிறது. என் புத்தகப் பெட்டியைத் திணித்ததில், டிக்கியை மூடினால் விளக்கை அணைக்கும் சுவிட்ச் வளைந்திருந்தது. அவர் தினமும் வயரைக் கழற்றியதால்தான் அதுவரை தெரியாமல் இருந்தது.

சுவிட்சைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஏழாயிரம்பண்ணைக்குப் போனேன். அவர் வீட்டில் தனியாக இருந்தார்.

"வாங்க சார். சாப்பிட்டீகளா?"

விஷயத்தைச் சொன்னேன். சுவிட்சை வாங்கி அமுக்கிப் பார்த்தார். "கம்பி மடங்கிருச்சு" என்று மட்டும் சொன்னார். பிறகு மெதுவாகச் சொன்னார்: தை மாதம் குழந்தைக்கு அம்மை போட்டதாம். நெஞ்சில் சளி கட்டி நாலே நாளில் போய்விட்டது. ஆத்தா வாசலில் பொய்ச் சத்தியம் பண்ணியதால் ஆத்தாவே எடுத்துக்கொண்டாள் என்று மனைவி சொல்லிவிட்டாள். ஆனைக்குட்டத்தில் அம்மா வீட்டுக்குப் போனவள் வரவில்லை.

"நான் தொடலன்னு இன்னும் எத்தன தடவ சொல்ல சார்?"

அன்றைக்கே ஆனைக்குட்டம் போனேன். அந்தப் பெண் தீப்பெட்டிக் கம்பெனி வேலை முடிந்து வந்து நின்றாள். அவள் முன்னால் கைகூப்பி, உன் புருஷன் செய்தது மெய்ச் சத்தியம், பொய் என்னுடையது என்றேன். சுவிட்சைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினேன். முழுதும் கேட்டாள். அப்புறம் கேட்டாள்:

"அவுக பொய் சொல்லலன்னா, எம்புள்ளய ஆத்தா ஏன் எடுத்தா?"

நாற்பது வருடம் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே பிழைத்தவன் நான். சுவிட்சைத் திரும்பப் பையில் போட்டேன்.

பத்து நாள் கழித்து அவர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினார்.

"வீட்டுக்கு வந்துட்டா சார். நீங்க சொன்ன மறுநாளே வந்துட்டா. எங்கையப் புடிச்சு அம்புட்டு அழுதா. எம்மேல கோவமா இருக்கையில எந்திரிச்சு வேலைக்காவது போனா. இப்ப ஆத்தா படத்தச் சுவத்தப் பாக்கத் திருப்பி வச்சுட்டு, படுத்தே கெடக்கா. கஞ்சி கொடுத்தாலும் குடிக்க மாட்டேங்கா. வெளக்கேத்த வேணாங்கா."

மறுபடி வேலைக்கு வரச் சொன்னேன். தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. நான் அவர் வலது கையைப் பார்ப்பதைக் கவனித்து அதைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வாசலில் செருப்பை மாட்டும்போது காரைத் திரும்பிப் பார்த்தார்.

"வயரக் கழத்தித்தான வச்சிருக்கீக?"

"கழத்தித்தான் வச்சிருக்கேன்" என்றேன்.

"அது போதும் சார்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.