தோணிக்குப் போன துவரம்பருப்பு

சூப்பர் மார்க்கெட்டில் பொருளை விற்பது யாருக்கும் வரும். விற்ற பொருள் திரும்பி வரும்போது சிரித்த முகமாக இருப்பதுதான் தொழில். தூத்துக்குடியில் ஒரு தெருமுனைக் கடையில், ‘மாற்றித் தரப்படும்’ என்று எழுதிய மேசைக்குப் பின்னால் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். இதே மாதிரி மேசையில் உட்கார்ந்து வசவு வாங்கும் சகாக்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் எங்களுக்கு எதிரிலேயே ஏசி போட்ட பெரிய கடை வந்தது. "இனி ஒங்க கடை அவ்வளவுதான்" என்றார்கள். நான் அசரவில்லை. ஏசிக்குப் பதில் பேசத் தெரியாது, எனக்குத் தெரியும். அதோடு எங்களுக்குத் தோணிகள் இருந்தன. மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகளில், ஆட்களுக்கான சாப்பாட்டுச் சாமான் எங்கள் கடையிலிருந்துதான் போகும். அதுவும் கைவிட்டுப் போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று எங்கள் முதலாளி அண்ணாச்சி அடிக்கடி சொல்வார்.

காலி பாட்டில்

நாசரேத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "உப்பு கூடுதல். மாத்திக் குடும்மா." தூக்கிப் பார்த்தேன். அடியில் ஒரே ஒரு துண்டும் கொஞ்சம் எண்ணெயும் கிடந்தன. "சார், ஒரு மாசமா சாப்பிட்டிருக்கீங்க. மொத நாளே தெரியலையா?" என்று பணிவாகத்தான் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னார்:

"பரீட்சப் பேப்பர கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சிட்டுத்தானம்மா மார்க் போடணும்!"

ஆத்தூர் வெற்றிலை

வெற்றிலையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ‘ஆத்தூர் வெற்றிலை’ என்று சீட்டு ஒட்டி வைத்தோம். யோசனை என்னுடையது. இரண்டு நாள் அதற்காகக் கொஞ்சம் கர்வத்தோடு நடமாடினேன்.

மூன்றாம் நாள் ஆத்தூர்ப் பெரியவர் ஒருவர் உறையைப் பிரித்து, ஓர் இலையின் காம்பைக் கிள்ளிவிட்டு நுனியை மென்றார். முகம் சுளித்தது. "இது எங்க ஊரு வெத்தல இல்ல." நான் விடுவேனா? "சீட்டுல போட்டிருக்கே தாத்தா" என்றேன். வரத்துக் குறைந்த நாளில் மொத்த வியாபாரிகள் வேறு ஊர் இலையைக் கலந்து அனுப்பிவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று அவர் சொன்னதை எங்கள் பில் போடும் பெண்கள் இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்கள்:

"சீட்ட மெல்ல முடியாதும்மா, வெத்தலையக் குடு!"

ஜெசிந்தா அக்கா

ஜெசிந்தா அக்காவுக்குப் பக்கத்துத் தெரு. அவர் கணவருக்குத் தோணியில் வேலை. ஒரு நாள் காலையில் கடை திறந்ததும் அரைக்கிலோ துவரம்பருப்புப் பாக்கெட்டோடு வந்து, என் மேசையில் கொட்டினார். நாலைந்து வண்டுகள் சாவகாசமாக நடந்து போயின. மூட்டையைப் பிரித்து நாங்களே கட்டிய பாக்கெட் அது. மன்னிப்புக் கேட்டு வேறு கொடுத்தேன். அக்கா கோபப்படவே இல்லை. வாசல் வரை போனவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"ஏளா, எனக்கென்ன, நாலு எட்டு வச்சா ஒங்க கடை. கடல்ல போற மனுசன் யார்ட்ட வந்து மாத்துவான்?"

அண்ணாச்சியின் பயம்

ஓடிப்போய்க் கணக்கு நோட்டைப் புரட்டினேன். அதே மூட்டையிலிருந்து பத்துக் கிலோ பருப்பு முந்தின நாள்தான் ஒரு தோணிக்குப் போயிருந்தது. தோணி அன்று மாலை புறப்படுகிறது. அப்புறம் கரை சேரும் வரை அவர்களுக்கு அந்தப் பருப்புதான்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "நாமளே போயி நம்ம சரக்குல வண்டுன்னு சொன்னா, தோணிய எதிர்க்கடைக்குத் தூக்கிக் குடுத்த மாதிரில்லா? ஒருவேள இந்தப் பாக்கெட்ல மட்டும் இருக்கும்." நான் கேட்கவில்லை. "அதுலயும் இருந்தா? நடுக்கடல்ல பத்துப் பேரு நம்ம பேரச் சொல்லிச் சொல்லித் துப்புவாங்க அண்ணாச்சி" என்றேன். புது மூட்டையைப் பிரித்து, சலித்து, பத்துக் கிலோவைக் கட்டிக்கொண்டு நானே ஆட்டோவைக் கூப்பிட்டேன். அண்ணாச்சி வாசல் வரை வந்தார்:

"போ. ஆட்டோக்காரன்ட்ட பருப்புன்னு மட்டும் சொல்லு, வண்டப் பத்தி மூச்சு விட்டுராத!"

துறைமுக வாசல்

அனுமதிச் சீட்டு இல்லாமல் பழைய துறைமுகத்துக்குள் விடமாட்டார்கள். வெளியே நின்று, அந்தத் தோணியின் சமையல்காரர் மைக்கேல் அண்ணனுக்குப் போன் போட்டேன். வந்தார். மென்று விழுங்காமல் சொல்லிவிட்டேன்: "அண்ணே, நேத்து அனுப்புன பருப்புல வண்டு இருக்கும். எங்க தப்புதான். இது புதுசு."

அவர் சிரித்தார். தோணியில் எந்தக் கடைப் பருப்பையும் பாக்கெட்டோடு வைக்க மாட்டார்களாம். மேல்தளத்தில் தார்ப்பாய் விரித்துக் கொட்டி, வெயிலில் காயவைத்து, பிறகுதான் டின்னில் அடைப்பார்களாம். காலையிலேயே வண்டைப் பார்த்துவிட்டார். மிச்சச் சாமானை எதிர்க்கடையில் வாங்க லிஸ்ட்டும் எழுதிவிட்டார். சட்டைப்பையிலிருந்து அதை எடுத்துக் காட்டினார். ஆனாலும் நான் தலைகுனியவில்லை. "எங்க வேணும்னாலும் வாங்குங்கண்ணே. இத மட்டும் எடுத்துக்கிடுங்க" என்று பையை நீட்டினேன்.

அண்ணன் பையைப் பிரித்து, பருப்பை ஒரு கை அள்ளிப் பார்த்தார். பிறகு அந்த லிஸ்ட்டை என் கையில் கொடுத்து, ரெண்டு மணிக்குள் சாமான் வந்துவிட வேண்டும் என்றார். நான் நம்பாமல் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"எனக்கு வண்டு பயமில்ல தங்கச்சி, வண்டே கெடையாதுன்னு சாதிக்குத கடைக்காரன்தான் பயம்!"

ஆகவே சகாக்களே, வந்து திட்டுகிற வாடிக்கையாளருக்கு ஒரு நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். திட்டாமல் போகிறவருக்குத்தான் எதிர்க்கடைக் கதவு தானாகத் திறக்கிறது.