என் இடது கையின் கடைசி மழைக்காலம்

என் ஆயுள் ஓணம் வரைதான் என்று ஒரு மழைக்காலம் முழுக்க நம்பியிருந்தேன். சொன்னது ஜோசியரல்ல, கொச்சி சுள்ளிக்கல்லில் ஒரு இன்டர்நெட் கடையின் கம்ப்யூட்டர்.

அந்த வருடம் மட்டாஞ்சேரியில் சிக்கன்குனியா வீடு வீடாக ஏறி இறங்கியது. என் மனைவிக்கும் வந்தது. காய்ச்சல் போன பிறகும் மூட்டுவலி போகவில்லை. சீப்பைப் பிடிக்க முடியாமல் தலையை என்னிடம் நீட்டுவாள். "இனி ஒரு கொசு உன்னத் தொடட்டும், பாத்துக்கறேன்" என்று வீரம் பேசி, கொசுவலைக்குள் அவளைச் சுவரோரம் படுக்கவைத்து நான் வெளியோரம் படுத்தேன்.

சில வாரங்களில், காலையில் எழுந்தால் இடது கை மரத்துக் கிடந்தது. பல் தேய்த்து முடிக்கும் வரை வேறு யாருடைய கையோ போலத் தொங்கும். கொச்சங்காடி சுக்குக் குடோனில் வேலை முடிந்ததும் இன்டர்நெட் கடைக்குப் போய், தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் கேட்டேன். முதல் பக்கம் இதயம் என்றது. இரண்டாவது, மூளை. மூன்றாவதில் வாயில் நுழையாத ஒரு நரம்பு நோய். களைப்பு உண்டா என்று கேட்டிருந்தது. நாளெல்லாம் மூட்டையோடு நின்றவனுக்கு இல்லாமலா? படபடப்பு? படித்த நிமிடத்திலிருந்து உண்டு. ஓணம் தாண்டமாட்டேன் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

கடைக்காரர் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தார். "சேட்டா, டைம் கழிஞ்சு." நேரம் முடிந்துவிட்டதாம்.

"தெரியும்" என்றேன்.

மறுநாள் முதல் பொரித்த மீனை விட்டேன். குடோன் மாடிப்படியைக் கண்டால் சுற்றிப் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியை அலமாரி முன்னால் நிறுத்தி, ரேஷன் கார்டு இருக்கும் இடத்தைக் காட்டினேன்.

"எங்கயாச்சும் போறீங்களா?"

"இல்ல, சும்மா தெரிஞ்சு வெச்சுக்கோ."

"அத அங்க வெச்சதே நாந்தான்" என்றவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "என்னாச்சு? சொல்லுங்க."

சொன்னேன். மூன்று பக்கமும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். மடங்காத விரல்களால் என் இடது கையைப் பிடித்துக்கொண்டு, "செருப்பப் போடுங்க" என்றாள்.

கம்ப்யூட்டர் சொன்ன மூன்றையும் கேட்டுவிட்டு டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்தார், கையை முறுக்கிப் பார்த்தார். இதயத்தில் கோளாறு இல்லை என்றார். பிறகு தமிழும் மலையாளமும் கலந்து கேட்டார்: "கிடக்கறது எப்படி?"

எனக்கு முன்னால் அவள் பதில் சொன்னாள். "வலையோட ஓரத்தக் கைக்கு அடியில அமுக்கி, அந்தக் கை மேலயே படுப்பாரு டாக்டர். வெலகினா கொசு உள்ள வந்துருமாம். நான் தள்ளினாலும் கை அசையாது."

"கம்ப்யூட்டர்ல கொசுவலையப் பத்திச் சொன்னீங்களா?" என்றார் டாக்டர்.

சொல்லவில்லை.

எங்கள் கட்டிலுக்கு அந்த வலை ஒரு சாண் குட்டை. என் பழைய வேட்டியைக் கிழித்து அவள் வலையின் ஓரத்தில் சேர்த்துத் தைத்தாள்; அந்த விரல்களுக்கு இரண்டு நாள் ஆனது. ஊசியில் நூல் கோத்தது நான். வலையை மெத்தைக்கு அடியில் செருகிப் படுத்தோம். அந்த வாரக் கடைசியில் கை மரத்துப்போவது நின்றது.