மந்திரித்த படகில் உளி

கடியப்பட்டணத்தில் படகு கட்டும் மேஸ்திரி சூசையடிமைக்கு 1931-இல் சர்க்கார் வேலை ஒன்று கிடைத்தது. கள்ளக்கடத்தல்காரர்களைத் துரத்த, பீரங்கி பூட்டிய எந்திரப் படகு. ஊரில் அதைப் போர்க்கப்பல் என்றே சொன்னார்கள். அவருடைய மகள் ரீத்தாவின் புருஷன் செல்வதாஸுக்கு அதில் சுக்கான் பிடிக்கும் உத்தியோகம். கட்டுமரத்தில் செத்துப் பிழைக்கும் ஊரில் மாதச் சம்பளம்!

வரைபடம் எங்கோ தூரத்தில், கடலைப் பார்க்காத மேசையில் தயாரானது. அதில் பீரங்கி சின்னது. பாதிப் படகு எழும்பியபின் தேடுவிளக்கு வேண்டும் என்று ஒரு தாள் வந்தது. பிறகு இரும்புத் தகடு வேண்டும் என்று இன்னொன்று. ஒவ்வொரு தாளும் மேல்தட்டில் பாரத்தைக் கூட்டியது. அடியை அகலமாக்கச் சொல்லி ஒரு தாளும் வரவில்லை. பீரங்கியோ வரவேயில்லை. பெரிய அதிகாரி வெள்ளோட்டம் பார்க்கும் நாளை மட்டும் குறித்துவிட்டார்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துப் படகை மந்திரித்தார்.

மறுநாள் மாட்டுவண்டியில் பீரங்கி வந்து இறங்கியது. படத்தில் இருந்ததைவிட இரண்டு மடங்கு கனம். தக்கலை ஓவர்சியர் சிவதாணு அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார். முகம் கறுத்துவிட்டது.

“ஓய் மேஸ்திரி, இது மேல இருந்தா சரிப்படாது. தட்ட வெட்டி, ரெண்டடி கீழ எறக்கி வையும்.”

“மந்திரிச்ச வள்ளத்துல உளி படப்பிடாது அய்யா. ஒரு மட்டம் கடலுக்குப் போயிட்டு வரட்டு. பொறவு நீங்க சொல்லிய எடத்துல வெட்டித் தாரேன்.”

முதல் ஓட்டம் முடிந்து கரை திரும்பும்வரை மந்திரித்த மரத்தில் இரும்பு படக்கூடாது. பட்டால் அந்தப் படகு ஆளைப் பலி கேட்கும் என்பது அந்தக் கரையின் நம்பிக்கை. மருமகன் ஏறும் படகில் உளி வைக்க அவருக்குக் கை எப்படி வரும்? சிவதாணு நாளைத் தள்ளிவைக்கக் கேட்டு எழுதினார். முடியாது என்று பதில் வந்தது. சூசையடிமை ஓர் ஆணிகூட அடிக்காமல், மேல்தட்டிலேயே பீரங்கியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். மேல்கனத்துக்கு ஈடாகப் படகின் அடியில் கல் போட்டார். போதும் என்று நம்பினார்.

படகு அழகாகத்தான் கிளம்பியது. ரீத்தா கரையில் நின்று சிரித்தாள். திரும்பச் சொல்லி அதிகாரி கொடியசைக்க, செல்வதாஸ் சுக்கானைத் திருப்பினான். சாய்ந்த படகு நிமிரவேயில்லை. ஆறு பேரில் மூன்று பேர் நீந்தி வந்தார்கள். செல்வதாஸின் உடல் மறுநாள் கரை ஒதுங்கியது.

விசாரணைத் தாளில் பேரலை என்று எழுதினார்கள். அன்று கடல் குளம்போலக் கிடந்தது ஊருக்கே தெரியும். நாற்பது நாள் துக்கம் கழிந்தது. ரீத்தா அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“ஓவர்சியர் அய்யா அன்னைக்கே வெட்டச் சொன்னாராமே. ஏம்ப்பா வெட்டல?”

“அவனுக்கு ஒண்ணும் வந்திரப்பிடாதுன்னுதான் மக்களே.”



மூன்று வருடம் கழித்து இன்னொரு படகு கட்டச் சொன்னார்கள். அதே வரைபடம், அதே கனத்த பீரங்கி, மந்திரித்தபிறகே வந்து சேர்ந்த அதே தாமதம். இந்த முறை சூசையடிமை ஊரே பார்க்க உளியை எடுத்தார். தட்டை வெட்டி, பீரங்கியை இரண்டடி கீழே இறக்கினார்.

இது சாயாது என்று சத்தியம் செய்தார். உளி பட்ட படகில் ஊரில் ஒருவரும் ஏறவில்லை. வெள்ளோட்ட நாளில் அவர் மட்டும் சுக்கானருகே போய் உட்கார்ந்தார். படகைத் தண்ணீரில் தள்ளிவிடக்கூட யாரும் முன்வரவில்லை. ரீத்தா மட்டும் வந்து தோளைக் கொடுத்தாள். ஒற்றைத் தோளுக்குப் படகு அசையவில்லை.