உடையப்பன் காட்டில் விழுந்த ஊதா

ஆவூர்க்காரி மரிய செல்வி ஆலங்குடியில் டிராயிங் டீச்சர். வாரம் முழுக்கப் பிள்ளைகளுக்குக் கத்தரிக்காயும் பூந்தொட்டியும் வரையச் சொல்லிக்கொடுத்த பாவத்தைக் கழுவ, சனிக்கிழமைதோறும் பஸ் ஏறித் திருமயம் போவாள். கோட்டைக்குக் கிழக்கே கண்மாய்க்கரையில் பலகையை நிறுத்தி மாலை வெயிலை வரைவாள். வெயிலுக்கு அந்த மரியாதை தெரியாது. மஞ்சளைக் குழைத்து முடிப்பதற்குள் பாறை செம்மண் நிறமாகிவிடும். செம்மண்ணைக் குழைத்தால் ஊதாவாகிவிடும்.

அது 1956. முக்காலிச் சட்டமும் குடையுமாக ஒரு பெண்பிள்ளை கோட்டையைக் கண் சுருக்கிப் பார்த்தால் ஊர் சும்மா இருக்குமா? நிலம் அளக்க சர்க்கார் அனுப்பிய ஆள் என்று முடிவுகட்டியது. மறுவாரமே இளநீர் வந்தது. கொண்டுவந்தவர் உடையப்பன், கோட்டையடியில் கடலைக்காடு வைத்திருந்தவர்.

“கொஞ்சம் பாத்துப் போடுங்கம்மா. அந்தப் பனைமரம் வரைக்கும் நம்மளுதுதான்.”

மறுத்துச் சொல்ல அவளுக்கு வாய் இருந்தது. ஆனால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, இளநீரும் இனித்தது. தவிர, தலைமையாசிரியை அவள் படங்களை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பாராட்டுவார். இங்கோ ஒவ்வொரு தீற்றலையும் ஒரு கூட்டமே மூச்சடக்கிப் பார்த்தது. எந்த ஓவியருக்கு வாய்க்கும் இப்படிப்பட்ட ரசிகர்கள்!

கோட்டை நிழல் நீண்டது. அவள் கடலைக்காட்டின் மேல் ஊதாவைப் பூசினாள். உடையப்பன் அலறினார்.

“ஏம்மா, நம்ம காட்டைச் சர்க்காருக்கு எழுதிட்டீங்களா?”

“ஐயோ, அது நெழலுங்க! நான் டிராயிங் டீச்சர். வெயில் மாறுறதைத்தான் வரையிறேன்.”

“அது தெனமும்தான் மாறுது. அதுக்கா பஸ் சார்ஜ் குடுத்து வாரீங்க?”

கூட்டம் கலைந்தது. இளநீரும் நின்றது.

அடுத்த சனிக்கிழமை உடையப்பன் மட்டும் வெறுங்கையோடு வந்தார். தம் காட்டுக்கு நேர்ந்த ஊதாவை அவரால் மன்னிக்க முடியவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“டீச்சர், வரப்போரம் இன்னும் வெயில் கெடக்கு. பூசுங்க.”

“அது போயிருச்சுங்க.”

“எங்கிட்டுப் போச்சு? நல்லாப் பாருங்க!”

அதுமுதல் அவளுக்கு மேலதிகாரிகள் இருவர்: வேலைநாளில் தலைமையாசிரியை, சனிக்கிழமை உடையப்பன். தம் காட்டுக்கு எப்போதும் கூடுதல் வெயில் கேட்பார். பக்கத்துக் காட்டில் நிழல் எவ்வளவு விழுந்தாலும் அவருக்கு ஆட்சேபணை இல்லை. அவரை மறுப்பதற்காகவே அவள் கண்ணைக் கூர்மையாக்கிக்கொண்டு, ஒவ்வொரு நிறத்துக்கும் வக்கீல் போல ஆதாரம் தேடினாள். எட்டு வருஷம் ஓடியது.

1964இல் கறம்பக்குடிக்கு மாற்றல். அங்கேயும் கண்மாய் இருந்தது, மல்லுக்கட்ட வெயில் இருந்தது, குறுக்கே பேச ஒருவரும் இல்லை. வேண்டிய நிம்மதி கிடைத்துவிட்டதென்று மரிய செல்வி மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். சில மாதம் கழித்து, அங்கே வரைந்த படங்களைச் சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் வெயில் கடமைக்கு அடித்துக்கொண்டிருந்தது.