மாஸ்டருடன் ஆடிய ஞாயிற்றுக்கிழமைகள்

மகள் இனி செஸ் வகுப்புக்கு வரமாட்டாள் என்று சொல்லத்தான் அன்று வில்லியனூருக்குப் போனேன். அவள் பத்தாம் வகுப்பு முடித்துச் சென்னையில் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள். செஸ் பிடிக்காமல் போய் வெகுநாளாகிறது, உனக்காகத்தான் போய்க்கொண்டிருந்தேன் என்று கிளம்பும்போது சொன்னாள்.

அவளுக்குச் சொல்லித்தந்தவர் ஒரு காலத்தில் வெளிநாடுகளில் போய் ஆடிய பெரிய ஆட்டக்காரர். எல்லாருக்கும் அவர் மாஸ்டர்தான். மனைவி இறந்தபின் தன் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் வகுப்பு நடத்தினார். மற்ற பெற்றோர் பிள்ளையை விட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய்விடுவார்கள். நான் சேதராப்பட்டில் இருக்கும் வீட்டுக்குப் போய்த் திரும்பினால் பஸ்ஸிலேயே பொழுது போய்விடும். கணவர் இல்லாத வீட்டில் எனக்கென்று அவசர வேலையும் கிடையாது. அதனால் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நான் விஷயத்தைச் சொன்னதும் மாஸ்டர் தலையை மட்டும் ஆட்டினார். பிள்ளைகள் எல்லாரும் போயிருந்தார்கள். காய்களை அடுக்கிக்கொண்டே, "இத்தினி வருஷமா பாத்துனு இருந்தியே, இன்னா புரிஞ்சுது?" என்றார்.

"குதிரை எப்பிடிப் போவும்னு தெரியும் சார்."

"அப்ப ஒக்காரு."

அன்று நொடியில் தோற்றேன். அடுத்த ஞாயிறும் போனேன். வகுப்பு முடிந்து மாடி காலியானதும் எங்களுக்கு ஓர் ஆட்டம் என்பது வழக்கமாகிவிட்டது. என்னைப் பாவம் பார்த்து அவர் ஒரு சிப்பாயைக்கூட விட்டுத்தந்ததில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. கணவர் இறந்ததிலிருந்து நான் வேலை பார்க்கும் கம்பெனியிலும் தெருவிலும் எல்லாரும் என்னிடம் விட்டுக்கொடுத்தே பேசினார்கள்.

நாங்கள் அதிகம் பேசியதில்லை. ஒருமுறை மட்டும், வெளிநாட்டில் ஒரு பெரிய ஆட்டக்காரரை ஜெயித்துவிட்டு அறைக்கு வந்ததைச் சொன்னார். வீட்டுக்குப் போன் போட வழியில்லை. பக்கத்து அறைக்காரருக்கு இவர் பேச்சு புரியாது. கட்டிலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டாராம். "ஜெயிச்சா மட்டும் போதுமா? சொல்றதுக்கு ஒரு ஆளு வேணும்ல" என்றார்.

பிறகு அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. வகுப்பு நின்றது. அவருடைய பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். காலை ஷிஃப்ட் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்ப்பேன். ஒரு மாலை, பலகை இல்லாமல் வாயாலேயே ஆடலாம் என்றார். சிப்பாய், குதிரை, மந்திரி என்று மாறிமாறிச் சொல்லிக்கொண்டு போனோம். கொஞ்ச நேரத்தில் எனக்கு எல்லாம் குழம்பிவிட்டது. என் மந்திரி எங்கே நிற்கிறது என்று அவரிடமே கேட்டேன்.

"அது வச்ச எடத்துலயேதான் இருக்குது. நீ பயப்படாம ஆடு."

ஆடினேன். அவர் முறை வந்தபோது தூங்கிப்போயிருந்தார். அந்த வாரமே இறந்துவிட்டார்.

சாவுக்கு எங்கெங்கிருந்தோ மாணவர்கள் வந்தார்கள். தெரு முழுக்கக் கார்கள். அவரவர் மாஸ்டரோடு ஆடிய ஆட்டத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பந்தல் ஓரமாக நின்றேன். ஒரு பெண் வந்து, நான் யாருடைய அம்மா என்று விசாரித்தாள். மகள் பெயரைச் சொன்னேன். அவளுக்கு ஞாபகம் வரவில்லை. சும்மா சிரித்துவிட்டுப் போனாள். நானும் அவரோடு ஆடியிருக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

பாண்டியில் சண்டே மார்க்கெட்டில் ஒரு பலகை வாங்கினேன். தனியாக இரண்டு பக்கமும் ஆடிப் பார்த்தேன். அடுத்து என்ன வரும் என்று எனக்கே தெரிந்திருந்ததால் அலுத்துவிட்டது. ஞாயிறு மதியங்களில் துணி துவைத்தேன், தூங்கினேன்.

பொங்கலுக்கு வந்த மகள் பீரோமேல் இருந்த பலகையைப் பார்த்து யாருடையது என்று கேட்டாள். எடுத்து வைத்துக் காய்களை அடுக்கினேன். விளையாட்டாக உட்கார்ந்தவள், தன் ராணி போனதும் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நன்றாக யோசித்துத்தான் ஆடினாள். தோற்றாள்.

"எப்பம்மா கத்துக்கின?"

மாஸ்டரைப் பற்றிச் சொன்னேன். ஆஸ்பத்திரி வரைக்கும் சொன்னேன். ஊருக்குக் கிளம்புமுன் என் போனில் செஸ் ஆப் ஒன்றைப் போட்டுத்தந்து, அங்கிருந்தே ஆடுவதாகச் சொன்னாள்.

ஆடுகிறாள். சில நாள் உடனே பதில் வரும். பரீட்சை என்றால் வாரக்கணக்கில் வராது. கம்பெனியில் டீ இடைவேளையில் போனை எடுத்துப் பார்ப்பேன். வந்திருக்காவிட்டால் அதைப் பைக்குள் வைத்துவிட்டு லைனில் வேலைக்குப் போவேன்.