ஜெபல் அலி: உப்பு குறைந்த அறை

இல்லை, பாலைவனம் பார்க்கப் போகவில்லை. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியும் இங்கே துபாயில் உடலுழைப்பு வேலையில் இருப்பவர்களின் உடல்நலம் பற்றிய ஆய்வு. கேள்விகளை அவர்களோடு உட்கார்ந்தே முடிவு செய்வது என்று ஏற்பாடு. அதற்காகத்தான் மார்ச்சில் ஒரு ஞாயிறு, ஜெபல் அலி தொழிலாளர் கேம்ப்புக்குப் போனேன்.

அல் குசைஸில் மெட்ரோ ஏறி, யூனியனில் சிவப்புத் தடத்துக்கு மாற வேண்டும். ஏழரை திர்ஹம். ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து டாக்ஸிக்கு இருபத்திரண்டு. ஜன்னலில் முதலில் கட்டடங்கள். பிறகு கிடங்குகள். பிறகு வெறும் வெளிச்சம்.

கேம்ப்பில் என்ன வேலை என்று பெஷாவர்க்கார ஓட்டுநர் இந்தியில் கேட்டார். பிரஷர் பார்க்க என்றேன்.

"எனக்கு மட்டும் பார்த்துடாதே பெஹன். லைசன்ஸ் போயிடும்" என்று சிரித்தார்.

அறையில் எட்டுப் பேர். ஒரே சட்டியில் சமையல். சமைப்பவர் ராமநாதபுரம் முருகேசன். எங்கள் ஆய்வுக் குழுவிலும் இருக்கிறார். தரையில் செய்தித்தாள் விரித்து மீன்குழம்பு பரிமாறினார். வாயில் வைத்தேன். சப்பென்று இருந்தது. நடுவில் ஒரு உப்புக் குப்பி கைமாறிக்கொண்டிருந்தது. எல்லோரும் தூவிக்கொண்டார்கள். அந்தோணி அண்ணாச்சி மட்டும் வாங்கி, தூவாமல், அடுத்தவரிடம் தள்ளினார். ஐம்பத்தெட்டு வயது, குமரிக் கடற்கரை, சாரம் கட்டும் வேலை.

"என்ன அண்ணே, உப்பு மறந்துட்டீங்களா?" என்று முருகேசனிடம் கேட்டுவிட்டேன். கைகள் ஒரு கணம் நின்றன.

"நம்ம கை அப்படி மேடம். பொண்டாட்டி இதச் சொல்லித்தான் என்னைய ஃப்ளைட் ஏத்திவிட்டா" என்றார் முருகேசன். சிரிப்பு. கைகள் மறுபடி அசைந்தன.

பாத்திரம் கழுவும் இடத்தில் முருகேசன் மெதுவாகச் சொன்னார்: "அந்தோணி அண்ணனுக்குப் பிரஷர். எங்களுக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. பேச்சு வெளிய வந்தா சூப்பர்வைசர் காதுக்குப் போயிரும். கம்பெனி மெடிக்கல்ல மாட்டுனா கலாஸ், எக்ஸிட் அடிச்சு ஊருக்கு அனுப்பிருவாங்க. மே மாசம் மக கல்யாணம் அவருக்கு. அதான் சட்டியிலயே உப்பக் கொறச்சிட்டோம். இத எழுதிராதீங்க."

நாங்கள் கொடுத்துவந்த துண்டறிக்கையில் முதல் வரி: உணவில் உப்பைக் குறையுங்கள். எட்டுப் பேர் சட்டியில் உப்பைக் குறைக்க ஒருவர் வாய் திறக்க வேண்டும். வாய் திறந்தால் வேலை இல்லை. அந்த வரியை எழுதியபோது என் முன்னால் ஒரு தட்டு மட்டுமே இருந்தது.

பிறகு டிவி அறையின் மூலையில், தனியாக, அண்ணாச்சிக்குப் பிரஷர் பார்த்தேன். மேல் அளவு நூற்றுத் தொண்ணூறு.

"மெசினு பழசா மக்களே?"

"இல்ல அண்ணாச்சி. நாளைக்கே டாக்டரப் பாக்கணும்."

"அடுத்த மாசம் மெடிக்கல். அது கழியட்டு."

அல் குசைஸில் தன்னார்வலர்கள் நடத்தும் கிளினிக் இருக்கிறது, கம்பெனிக்குச் செய்தி போகாது என்றேன். நெடுநேரம் கைப்பட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ரூம்ல ஒருத்தனுக்கும் தெரியாண்டாம், கேட்டியா?"

"தெரியாது" என்றேன். அடுத்த ஞாயிறு, பத்து மணி என்று பேச்சு.

இப்படிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கேம்ப் அனுமதியை ஒரு வாரம் முன்பே வாங்குங்கள். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் யாரும் இருக்க மாட்டார்கள். கருவிக்கு உபரி பேட்டரி வேண்டும். யாருக்கு என்ன நோய் என்று அறை நடுவில் கேட்காதீர்கள். சாப்பாட்டின் ருசி பற்றியும் கேட்காதீர்கள்.

அடுத்த ஞாயிறு கிளினிக்கில் காத்திருந்தேன். பதினொன்றாகியும் அவர் வரவில்லை. அவருடைய போன் அணைந்திருந்தது. முருகேசனை அழைத்தேன்.

"மெடிக்கல திங்கக்கெழமையே வச்சிட்டாங்க மேடம். நேத்து அண்ணன ஏர்போர்ட்ல விட்டுட்டு வந்தோம்."

"என்ன சொன்னார்?"

"முதுகுவலி, அதான் அனுப்புறாங்கன்னாரு. நாங்களும் முதுகுக்குத் தைலம் வாங்கிக் குடுத்தோம்."

பின்னால் தட்டுகளின் சத்தம்.

"இன்னைக்குச் சட்டியில பழையபடி உப்புப் போட்டாச்சு. ஒருத்தனுக்கும் எறங்கல. பேர மாத்திட்டு எழுதிக்கங்க மேடம், இனி என்ன."

அண்ணாச்சியின் முறைக்கு அடுத்த ஆளை உள்ளே அனுப்பும்படி வரவேற்பில் சொல்லிவிட்டு, மெட்ரோவுக்கு நடந்தேன்.